சூஜோவுக்குப் புதுசா வர்றீங்களா? எங்க இறங்கணும், எப்ப நடக்கணும், எங்க உக்காரணும்

சீனாவுல ஷாங்காய் பக்கத்துல இருக்குற, தோட்டத்துக்குப் பேர் போன சூஜோவுக்கு வர்ற நம்ம ஆளுங்க என்கிட்ட கேக்குற மொத கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "எந்தத் தோட்டம் பாக்கணும்?" அதுக்கு பதில் கீழ இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி ஊர் எப்படி அமைஞ்சிருக்குன்னு புரிஞ்சுக்கிட்டா உங்க ரெண்டு நாளும் சரி, ரெண்டு வருஷமும் சரி, உருப்படியா போகும். நான் வேலைக்காக வந்து மூணு வருஷம் இங்க இருந்தேன், முதல் ஆறு மாசம் ஜின்ஜி ஏரி பக்கம் ஆபீஸ், அபார்ட்மெண்ட், சூப்பர்மார்க்கெட்னே போயிடுச்சு, கண்ணாடி பில்டிங்கும் அகலமான ரோடும்தான் சூஜோன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை மெட்ரோல ஆறு ஸ்டேஷன் மேற்கால போய் இறங்குனதுக்கு அப்புறம்தான் பக்கத்துலயே 2500 வருஷத்து ஊர் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது. நீங்க ஆறு மாசம் காத்திருக்க வேண்டாம்.

(பேரை சூச்சோ, சுசௌன்னு பலவிதமா எழுதுறாங்க, அங்க சொல்றது கிட்டத்தட்ட "சூஜோ"தான்.)

முதல்ல மேப்பை மனசுல ஏத்துங்க

கி.மு. 514ல வூ நாட்டு ராஜா ஹெலூ காலத்துல, அவரோட மந்திரி வூ ட்ஸிஷு இந்தக் கோட்டை ஊரைக் கட்டுனாரு. ஆச்சரியம் என்னன்னா ஊர் அன்னைக்கு இருந்த இடத்துலயேதான் இன்னைக்கும் இருக்கு. அகழி சுத்தி ஓடுற அந்தப் பழைய ஊர் மொத்தமே 14.2 சதுர கிலோமீட்டர், நல்லா நடக்குறவங்க ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் ஒரு மத்தியானத்துல நடந்துடலாம். உள்ள தெருவும் கால்வாயும் ஜோடி ஜோடியா ஓடுது, வீட்டுக்கு முன்வாசல் தெருவுல, பின்வாசல் தண்ணியில. 1229ல இந்த ஊரோட மேப்பை ஒரு பெரிய கல்லுல செதுக்கி வெச்சிருக்காங்க, பிங்ஜியாங் மேப்னு பேரு, பழைய கன்ஃபூசியஸ் கோயில்ல இருக்குற கல்வெட்டு மியூசியத்துல இருக்கு. முதல் நாளே போய் அதைப் பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். மெட்ரோ 4வது லைன், சான்யுவான்ஃபாங் ஸ்டேஷன். கல்லு ஆளை விட உயரம், அதுல கோட்டைச்சுவர், கால்வாய், 300க்கும் மேல பாலங்கள் எல்லாம் மெல்லிசு கோடா இருக்கும். போன்ல இன்னைக்கு மேப்பைத் திறந்து பக்கத்துல பிடிச்சுப் பாத்தா பல கால்வாயும் தெருவும் அப்படியே பொருந்தும். தூர்ந்து போன கால்வாய்களும் உண்டுதான். ஆனாலும் கிட்டத்தட்ட 800 வருஷத்துக்கு முன்னாடி செதுக்கின மேப்பை வெச்சு இன்னைக்கு வழி கண்டுபிடிக்க முடியுற ஊரு வேற எனக்குத் தெரியாது.

இப்ப புது ஊர் எங்க இருக்குன்னு பாருங்க. பழைய ஊர் நடுவுல, கிழக்கே இண்டஸ்ட்ரியல் பார்க், மேற்கே ஹைடெக் நியூ டிஸ்ட்ரிக்ட். நடுவுல உடம்பு, ரெண்டு பக்கம் றெக்கைன்னு சொல்லுவாங்க. இது தானா நடக்கல. 1982ல சீன அரசு வரலாற்று நகரங்கள்னு முதல் 24 ஊரை அறிவிச்சப்ப சூஜோவும் அதுல இருந்துச்சு, 1986ல வந்த மாஸ்டர் பிளான்ல பழைய ஊரைக் காப்பாத்தணும், வளர்ச்சியை வெளிய கொண்டு போகணும்னு முடிவு பண்ணாங்க. பழைய ஊருக்குள்ள 24 மீட்டர் உயரத்துக்கு மேல கட்டக்கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு. அதனாலதான் உள்ள எங்க நின்னாலும் வானம் தெரியுது, 76 மீட்டர் உயர பெய்ஸி கோபுரம் தூரத்துல இருந்தே தலை நீட்டுது.

கிழக்கு றெக்கையோட கதையும் தெரிஞ்சுக்கங்க, அங்கதான் உங்கள்ல பல பேருக்கு வேலை. 1994 பிப்ரவரியில சீனாவும் சிங்கப்பூரும் கையெழுத்து போட்டு ஆரம்பிச்ச திட்டம் இது. வயலும் குளமுமா இருந்த தாழ்வான இடத்தை மண்ணு கொட்டி உயர்த்தி, சாக்கடை, தண்ணி, கரண்ட்னு அடியில போற பைப் எல்லாத்தையும் முதல்ல போட்டு, அதுக்கப்புறம்தான் மேல கட்டடம் கட்டுனாங்க. ஆரம்பத்துல சுமுகமா போகல, மேற்குப் பக்கம் உள்ளூர்க்காரங்க நடத்துன நியூ டிஸ்ட்ரிக்ட்டோட போட்டி வந்து, 2001ல சிங்கப்பூர் தரப்பு தன்னோட பங்கை 65 சதவீதத்துல இருந்து 35ஆ குறைச்சுக்கிச்சு. இன்னைக்கு அந்த இடத்துல எலெக்ட்ரானிக்ஸ், சிப், மருந்து ஆராய்ச்சின்னு எல்லாம் நடக்குது. சூஜோ மாகாணத் தலைநகர் கூட கிடையாது, தலைநகர் நான்ஜிங், ஆனா சூஜோவோட பொருளாதாரம் அதை விடப் பெருசு, 2020லயே 2 லட்சம் கோடி யுவானைத் தாண்டிடுச்சு. ஜனத்தொகை 2020 கணக்கெடுப்புல 1 கோடியே 27 லட்சம். இதுல குன்ஷான், சாங்ஷு, ஜாங்ஜியாகாங், தைசாங்னு நாலு துணை நகரமும் சேரும். யாராவது "சூஜோவுல வேலை"ன்னு சொன்னா எந்தப் பகுதின்னு கேட்டுக்கங்க, குன்ஷான்ல ஆபீஸ்னா பழைய ஊர்ல வீடு பாத்துட்டு தினமும் அலைய முடியாது.

பொட்டி கட்டும்போதே பண்ண வேண்டியது

காசு குடுக்குறதுக்கான அலிபே, வீசாட் ஆப் ரெண்டையும் ஊர்லயே டவுன்லோடு பண்ணி, பாஸ்போர்ட் வெச்சு வெரிஃபை பண்ணி, விசா கார்டோ மாஸ்டர் கார்டோ சேத்துடுங்க. வெளிநாட்டு கார்டுல அலிபே மூலமா 200 யுவானுக்குள்ள குடுத்தா எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்ல, அதுக்கு மேல போனா 3 சதவீதம் பிடிப்பாங்க. இங்க வந்து இறங்குனதுக்கு அப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டா ஓடிபி வராம தவிப்பீங்க, ஏன்னா பேங்க் மெசேஜ் ஊர் நம்பருக்குத்தான் போகும். அதனால ஊர் சிம்முல ரோமிங் போட்டுட்டு வாங்க, அதுல இன்னொரு லாபம், கூகுளும் வாட்ஸப்பும் உள்ளூர் சிம்முல ஓடாது, ரோமிங்ல ஓடும். வழி பாக்க கூகுள் மேப்பை நம்பாதீங்க, ஆமேப் ஆப் போடுங்க. ரயிலுக்கு 12306 ஆப்.

சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வெச்சிருக்கவங்களுக்கு 30 நாள் வரைக்கும் விசா இல்லாம வரலாம். இந்திய பாஸ்போர்ட்காரங்க விசா எடுத்துட்டுத்தான் வரணும், மத்தவங்க உங்க பாஸ்போர்ட்டுக்கு என்ன விதின்னு பாத்துக்கங்க.

அப்புறம் இதை மறக்கவே மறக்காதீங்க: ஹோட்டல்ல தங்குனா அவங்களே போலீஸ்ல பதிஞ்சுடுவாங்க, ஆனா ஃபிரெண்டு வீட்டுலயோ வாடகை வீட்டுலயோ தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள நீங்களே பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல பதியணும். வேலை விசால வர்றவங்க 30 நாளுக்குள்ள ரெசிடென்ஸ் பர்மிட்டுக்கு அப்ளை பண்ணணும், அதுக்கு இந்தப் போலீஸ் ரசீது கேப்பாங்க. ஹோட்டல் விஷயத்துலயும் ஒரு எச்சரிக்கை. எனக்கு முதல் தடவை ராத்திரி 11 மணிக்கு ஒரு சின்ன லாட்ஜ்ல வெளிநாட்டு பாஸ்போர்ட் பதியத் தெரியாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க, மழையில பொட்டியை இழுத்துட்டு அடுத்த தெருவுல தேடுனேன். புக் பண்ணும்போதே வெளிநாட்டுக்காரங்களை எடுப்பீங்களான்னு ஒரு மெசேஜ் போட்டு கேட்டுடுங்க.

எந்த ஸ்டேஷன்ல இறங்குறது

சூஜோவுக்குன்னு பயணிகள் விமான நிலையம் கிடையாது. ஷாங்காய்ல இறங்கி ரயில்ல வர்றதுதான் வழக்கம், ஷாங்காய் ஹோங்சியாவ் ஸ்டேஷன்ல இருந்து அரை மணி நேரம்தான். ஆனா சூஜோ பேர்ல பல ஸ்டேஷன் இருக்கு, டிக்கெட் போடும்போது பாத்துப் போடுங்க. வெறும் "சூஜோ"ன்னு இருக்குற ஸ்டேஷன் பழைய ஊரோட வடக்கு வாசல் மாதிரி, இறங்கி தெற்கால வந்தா அகழியும் கோட்டைச்சுவரும் எதிர்லயே நிக்கும், சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு இதுதான் சரி. "சூஜோ பெய்", அதாவது சூஜோ வடக்கு, ஊருக்கு வெளிய தூரமா இருக்கு, பெய்ஜிங் போற அதிவேக ரயில் பலதும் அங்க நிக்கும். "யுவான்சூ"ன்னு முடியுற ஸ்டேஷன் இண்டஸ்ட்ரியல் பார்க்குக்கு. 2023ல இருந்து மெட்ரோ 11வது லைன் ஹுவாசியாவ்ல ஷாங்காய் மெட்ரோவோட சேருது, அதுலயும் வரலாம், ஆனா மணிக்கணக்கா உக்காந்து வரணும், ரயில் கிடைக்காத அன்னைக்கு மட்டும் வெச்சுக்கங்க.

காலையில ஒரு கிண்ணம் நூடுல்ஸ்

சூஜோக்காரங்களுக்கு காலை சாப்பாடுன்னா நூடுல்ஸ்தான். காலையில முதல் தண்ணியில வேக வெச்ச நூடுல்ஸ் சாப்பிடணும்னே பெரியவங்க இருட்டுலயே கிளம்பி வருவாங்க, ஏன்னா போகப் போக மாவு கரைஞ்சு தண்ணி கெட்டியாயிடும். கடைக்குள்ள போனா முதல்ல கவுண்டர்ல சொல்லி காசு குடுத்து சீட்டு வாங்கணும், அப்புறம் அந்தச் சீட்டை கிச்சன் ஜன்னல்ல குடுக்கணும். சிவப்பு சூப்பா வெள்ளை சூப்பான்னு கேப்பாங்க. மேல வைக்குற கறி, மீன், கீரை எல்லாம் தனி, அதுக்கு ஜியாவ்தோவ்னு பேரு. பூண்டுத் தாள் நிறைய வேணும்னா "ஜோங் சிங்", வேண்டாம்னா "மியான் சிங்". நூடுல்ஸை சீப்பு வெச்சு வாரி விட்ட மாதிரி கிண்ணத்துல மடிச்சு வெச்சு, சூப்புக்கு மேல லேசா முதுகு தெரியுற மாதிரி குடுப்பாங்க. நான் வழக்கமா போற கடையில சீட்டு குடுக்குற அம்மாவை ஆயின்னு கூப்பிடுவேன், நம்ம ஊர்ல சித்தின்னு கூப்பிடுற மாதிரி. ரெண்டாவது வாரமே நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி சீட்டைக் கிழிச்சு நீட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

சைவம் சாப்பிடுறவங்க கவனிங்க. காளான், கீரை போட்ட நூடுல்ஸ்னு வாங்குனாலும் சூப்பு எலும்புலயோ மீன்லயோ செஞ்சதாத்தான் இருக்கும். உங்களுக்கு லியூ யுவான்ங்குற தோட்டத்துக்குப் பக்கத்துல இருக்குற சியுவான் புத்தர் கோயில்தான் கதி, அங்க குடுக்குற சைவ நூடுல்ஸுக்கு உள்ளூர்க்காரங்களே வரிசையில நிப்பாங்க. இன்னொண்ணு, சூஜோ சாப்பாட்டுல சர்க்கரை தூக்கலா இருக்கும், நம்ம நாக்குக்கு முதல் வாரம் கஷ்டம்தான். ஆனா இலையுதிர் காலத்துல யாங்செங் ஏரி நண்டு வரும்போது இருந்தீங்கன்னா விட்டுடாதீங்க, சீன நாள்காட்டிப்படி ஒன்பதாம் மாசம் பெண் நண்டு, பத்தாம் மாசம் ஆண் நண்டுன்னு கணக்கு வெச்சு சாப்பிடுவாங்க.

இப்ப தோட்டம்

யுனெஸ்கோ பட்டியல்ல 1997ல நாலு தோட்டம், 2000ல இன்னும் அஞ்சு, மொத்தம் ஒன்பது. (தோட்டத்துக்கும் யுவான், காசுக்கும் யுவான், கேக்குறதுக்கு ஒரே சத்தம்தான், குழம்பாதீங்க.) ஒன்பதையும் ஒரே மூச்சுல பாக்கணும்னு ஓடாதீங்க, நாலாவது தோட்டத்துல எல்லாப் பாறையும் ஒண்ணு மாதிரியே தெரியும். ஒரு நாளைக்கு ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது, அவ்வளவுதான்.

பெருசுன்னா ஜுவோஜெங் யுவான். 1509ல வேலையை விட்டுட்டு ஊருக்குத் திரும்புன வாங் சியன்சென்ங்குற அதிகாரி ஆரம்பிச்சது, 5 ஹெக்டேருக்கு மேல. பாஸ்போர்ட் நம்பர் போட்டு முன்கூட்டியே புக் பண்ணணும், கதவு திறக்குற நேரத்துக்கே நில்லுங்க, ஒன்பதரைக்கு மேல கொடி பிடிச்ச டூர் குரூப் வந்து ஸ்பீக்கர்ல பேச ஆரம்பிச்சா அந்த இடத்தோட அமைதியே போயிடும். உள்ள போனதும் குளத்தோட கிழக்குக் கோடியில நின்னு மேற்கால பாருங்க, தண்ணிக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவுல ஒரு கோபுரம் தெரியும், அது தோட்டத்துக்குள்ள இல்ல, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்குற பெய்ஸி கோபுரம். வெளிய இருக்குறதைத் தோட்டத்துக்குள்ள கடன் வாங்குறதுன்னு இதுக்குப் பேரு. அந்த 24 மீட்டர் கட்டுப்பாடு மட்டும் இல்லன்னா இந்தக் காட்சிக்குக் குறுக்க இன்னைக்கு ஒரு ஷாப்பிங் மால் நின்னுருக்கும்.

பக்கத்துலயே சூஜோ மியூசியம், 2006ல திறந்தது, ஐ.எம்.பெய் வடிவமைச்சது, அவரோட குடும்பம் ஒரு காலத்துல பக்கத்துல இருக்குற சிங்கத் தோப்புத் தோட்டத்துக்கே சொந்தக்காரங்க. உள்ள நுழைய காசு இல்ல, ஆனா புக்கிங் கட்டாயம், திங்கக்கிழமை லீவு. உள்முற்றத்துல வெள்ளைச் சுவருக்கு முன்னாடி சீவின பாறைகளை வரிசையா நிறுத்தியிருக்காரு, தண்ணிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தா மையில வரைஞ்ச மலை மாதிரியே இருக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜுவோஜெங் யுவான். பழைய வீட்டோட வெள்ளைச் சுவர், சாம்பல் ஓரம், இதை மட்டும் எடுத்துக்கிட்டு இந்தக் காலத்து ஸ்டீலும் கண்ணாடியும் போட்டுக் கட்டியிருக்காரு. பழசையும் புதுசையும் எப்படி சேக்குறதுன்னு இந்த ஊர் கத்துக்கிட்டது இங்கதான்னு எனக்குத் தோணும்.

சின்னதுன்னா என் ஓட்டு வாங்ஷி யுவானுக்கு, வலைக்காரர் தோட்டம்னு அர்த்தம். ஜுவோஜெங்ல பத்துல ஒரு பங்குதான் இருக்கும். நான் முதல்ல போனது ஒரு மழை நாள், ஜூன் மாசம், கூட்டமே இல்ல. நடுவுல ஒரு குளம், குளத்தைச் சுத்தி நடைபாதை, "நிலா வந்தா காத்தும் வரும்"ங்குற அர்த்தத்துல பேர் வெச்ச ஒரு மண்டபம் தண்ணி மேல நீட்டிட்டு இருக்கும், அதுக்குள்ள ஒரு பெரிய கண்ணாடி, குளம் அதுல இன்னொரு தடவை தெரியும். குளத்தோட மூலையில ஒரு குட்டிக் கல் பாலம், மூணு எட்டு வெச்சா முடிஞ்சுடும். இவ்வளவு சின்னப் பாலம் எதுக்குன்னு அன்னைக்குப் புரியல, மூணாவது தடவை போனப்பதான் புரிஞ்சுது: அந்தப் பாலம் குட்டியா இருக்குறதாலதான் குளம் பெருசா தெரியுது, தண்ணி பாலத்துக்கு அடியில புகுந்து எங்கயோ போயிட்டே இருக்குற மாதிரி கண்ணுக்குப் படுது, உண்மையில ரெண்டு எட்டுலயே அது முடிஞ்சு போகுது. இப்படி ஒவ்வொரு ஜன்னலும் ஒவ்வொரு திருப்பமும் யாரோ ரொம்ப நேரம் உக்காந்து யோசிச்சு வெச்சது. அதனால சுத்தி நடக்குறதை விட ஒரே இடத்துல அரை மணி நேரம் உக்காருங்க. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல 1981ல திறந்த சீன முற்றம் இந்தத் தோட்டத்தோட ஒரு மூலையைப் பாத்து செஞ்சதுதான், சூஜோ கைவேலைக்காரங்களே போய் கட்டுனாங்க. சீசன்ல ராத்திரி ஷோவும் உண்டு, ஒவ்வொரு கூடமா போகப் போக ஒரு இடத்துல குன்சூங்குற பாட்டு நாடகம், ஒரு இடத்துல பிங்தான்ங்குற கதைப் பாட்டு, ஒரு இடத்துல புல்லாங்குழல்னு கேக்கலாம்.

கூட்டம் பிடிக்காதவங்களுக்கு யீ பூ இருக்கு, மேற்குப் பக்கம் சந்துக்குள்ள சந்து போகணும், குளத்துக்கு நேரா ஒரு டீக்கடை, வயசானவங்க ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி வெச்சுக்கிட்டு காலை முழுக்கப் பேசிட்டு இருப்பாங்க. வசந்தத்துல போனா பிலுவோசுன் டீ கேளுங்க, ஏப்ரல் ஆரம்பத்துல வர்ற சிங்மிங் பண்டிகைக்கு முன்னாடி பறிச்ச கொழுந்துக்குத்தான் விலை ஜாஸ்தி. மத்ததுல ட்ஸாங்லாங் மண்டபம் ஜன்னல் வேலைப்பாட்டுக்கு, டைகர் ஹில் சாஞ்ச கோபுரத்துக்கு, அது 961ல கட்டி முடிச்சது, வெறும் கண்ணுலயே சாய்வு தெரியும்.

பிங்ஜியாங் ரோடு

எல்லாரும் போற தெரு, நீங்களும் போவீங்க. ஆனா காலையில ஏழு மணிக்குப் போங்க. பத்து மணிக்கு மேல அது வாடகைக்கு சீனப் பாரம்பரிய டிரெஸ் போட்டு போட்டோ எடுக்குறவங்க தெரு ஆயிடும், மோசம்னு சொல்லல, ஆனா கால்வாய் தெரியாது. காலையில போனா படித்துறையில ஒருத்தர் துடைப்பம் அலசிட்டு இருப்பாரு, மாடியில இருந்து மூங்கில் கம்புல துணி நீட்டுவாங்க. மெயின் தெருவை விட்டு ஜோங் ஜாங்ஜியா சந்துக்குள்ள திரும்புங்க, குன்சூ மியூசியமும் பிங்தான் மியூசியமும் அங்கதான். பிங்தான்னா ரெண்டு பேர் உக்காந்துக்கிட்டு சான்சியென், பீபாங்குற நரம்பு வாத்தியங்களை வாசிச்சு கதை சொல்லிப் பாடுறது, எல்லாம் சூஜோ பேச்சுல. எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனா கேட்டுக்கிட்டே இருக்கலாம்.

எம்ப்ராய்டரி வாங்கணும்னா டூர் பஸ் நிக்குற பட்டுக் கடையில வாங்காதீங்க, தாய்ஹு ஏரிக் கரையில ஜென்ஹுன்னு ஒரு ஊர் இருக்கு, தெரு முழுக்க தையல்காரங்கதான். ஒரு பட்டு இழையைப் பதினாறா பிரிச்சு தைக்குறதை அங்க கண்ணால பாக்கலாம். ரெண்டு பக்கமும் ஒரே பூனை தெரியுற ஃப்ரேமைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், முடிச்சு எங்கன்னு கண்டுபிடிக்கவே முடியல.

குடி வர்றவங்களுக்கு

வீடு கிழக்குப் பக்கம் பாத்தீங்கன்னா பக்கத்துல "லின்லி ஜோங்சின்" இருக்கான்னு பாருங்க, சிங்கப்பூர்ல இருந்து எடுத்துக்கிட்ட யோசனை, காய்கறி மார்க்கெட், மருந்துக் கடை, பேங்க், சலூன் எல்லாம் ஒரே கட்டடத்துல. நடந்து போற தூரத்துல அது இருந்தா வாழ்க்கை ரொம்ப லேசு. பழைய ஊர்ல வீடு பாக்க அழகா இருக்கும், ஆனா ஈரம் ஜாஸ்தி, பல வீட்டுல லிஃப்ட் இல்ல, கார் நிறுத்த இடம் இல்ல. இந்தப் பக்கமெல்லாம் வடக்குச் சீனா மாதிரி சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது, ஜனவரியில வீட்டுக்குள்ள எலும்பு வரைக்கும் குளிரும், ஹீட்டரோட வீடு பாருங்க. ஜூன் நடுவுல இருந்து ஒரு மாசம் பிளம் மழை, துணி காயாது, ஷூவுல பூஞ்சை பிடிக்கும். குழாய்த் தண்ணியைக் காய்ச்சாம குடிக்காதீங்க. போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 120.

சுத்திப் பாக்க வர்றவங்க மே 1, அக்டோபர் 1 லீவு வாரத்தை விட்டுடுங்க. ஏப்ரல் நல்லா இருக்கும். அதை விட நல்லது செப்டம்பர் கடைசி, ஊர் பூவே ஓஸ்மான்தஸ்தான், அது பூத்தா ரோட்டுல, மெட்ரோ வாசல்ல, ஆபீஸ் பார்க்கிங்ல எல்லாம் வாசனை அடிக்கும்.

ஒரு சாயங்காலத்தை இப்படிச் செலவு பண்ணுங்க. பழைய ஊர் நடுவுல இருக்குற லேசியாவ் ஸ்டேஷன்ல 1வது லைன் ஏறுனா கால் மணி நேரத்துல டோங்ஃபாங் ஜி மென், அதாவது கிழக்கு வாசல், 300 மீட்டர் உயரத்துல ரெண்டு கால் விரிச்சு நிக்குற கட்டடம், உள்ளூர்ல பேன்ட்டுன்னுதான் சொல்லுவாங்க. அங்க இறங்கி ஜின்ஜி ஏரிக் கரையில விளக்கு எரியுற வரைக்கும் நில்லுங்க. அப்புறம் அதே லைன்ல திரும்பி சியாங்மென்ல இறங்கி, கோட்டை வாசலைத் தாண்டி கால்வாய் ஓரமா ஓவ் யுவான் பக்கம் நடங்க. தோட்டம் அந்நேரம் மூடியிருக்கும், பரவாயில்ல. மூணு பக்கமும் தண்ணி, ஒரு படகு கட்டிக் கிடக்கும், சுவருக்குப் பின்னாடி யாரோ பாத்திரம் கழுவுற சத்தம் கேக்கும். கொசு ஜாஸ்தி, முழுக்கை சட்டை போட்டுட்டுப் போங்க.